தொடாமல் விட்ட படம்

அரங்கத்தின் வாசல்படியில் அவசரமாக ஏறியவன், தோளில் இருந்த பேனர் சுருளால் அவளை ஓர் இடி இடித்தான்.

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?"

கண் அவள்மேல்தான் இருந்தது... அதுதான் சிக்கலே. இமையில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு அவள் முறைத்தாள். ரொம்ப நாள் பழகியவளைப் பார்ப்பதுபோல அவன் பார்த்தான். அவளுக்கோ அவன் யாரென்றே தெரியாது.

"ஸ்டுடியோலேருந்து வரேங்க. இந்த பேனருக்குப் படம் எடுத்தது எங்க அண்ணன். கம்ப்யூட்டர்ல சரி பண்றது நான்."

அவள் நடனப் பள்ளி டீச்சர். பூசினாற்போல் உடம்பு. "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு டான்ஸா?" என்றவர்களின் வாயை ஆடியே அடைத்தவள். தன்னைப் போலவே இருந்த பதினைந்து வயது மாணவியை, பெற்றோர்கள் முணுமுணுத்ததையும் மீறி, இன்று நடுவில் ஆட நிறுத்தியிருந்தாள்.

பேனரை விரித்ததும் மாணவிகள் ஓடி வந்தார்கள். படத்தில் நடுவில் நின்றவளின் கன்னமும் கையும் பாதியாகியிருந்தன. மற்றவர்களும் ஒரு சுற்று இளைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் அழவில்லை. "படத்துல இருக்கிறவளையே ஆடச் சொல்லுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு, உடை மாற்றும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

உள்ளே கூட்டம் நிரம்பத் தொடங்கியிருந்தது. டீச்சர் பேனரோடு நின்றவனிடம் போனாள்.

"யாரைக் கேட்டு இளைக்க வெச்சீங்க?"

"எல்லாப் படத்துக்கும் செய்றதுதாங்க... யாரும் கேக்க வேணாம், நாங்களே செஞ்சிடுவோம்."

அப்போதுதான் கவனித்தாள். பேனரின் ஓரத்தில் அவள் மட்டும் உள்ளது உள்ளபடி நின்றிருந்தாள். சுருக்கென்றது.

"என்னை மட்டும் கேலிக்குன்னு விட்டு வெச்சீங்களாக்கும்."

அவன் பதில் சொல்லுமுன் அவள் விறுவிறுவென்று அறைப் பக்கம் நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"கதவைத் திறடா கண்ணா..." தாழ் அசையவில்லை. அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க கிளம்புங்க. செஞ்ச வரைக்கும் போதும்."

அவன் போகவில்லை. கதவருகே குனிந்தான்.

"தப்பு பண்ணது நான்தாம்மா. உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. பழக்க தோஷத்துல கை வெச்சுட்டேன்."

"அப்போ டீச்சர் படத்துல மட்டும் ஏன் கை வெக்கல?"

உள்ளேயிருந்து கேட்டாளே ஒரு கேள்வி... பின்னால் வந்திருந்த மாணவிகள் அவன் முகத்தையே பார்த்தார்கள். எந்தப் பதில் வந்தாலும் வலிக்கும் என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மவுஸைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்தேன்மா. அவங்க கண்ணைத் தாண்டி எங்கயும் போக முடியல... எதைக் குறைச்சாலும் அவங்க இல்லாமப் போயிடுவாங்கன்னு தோணுச்சு. மனசு வரல."

"என் படத்துக்கு மட்டும் மனசு வந்துச்சா?"

அவன் தலை தொங்கியது. "உன்னை நான் சரியாப் பாக்கவே இல்லம்மா. அதான் பெரிய தப்பு. அந்த பேனர் வெளிய வராது. நீ ஆடறதைப் பாத்துட்டுத்தான் நான் போவேன்."

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. பிறகு தாழ் விலகியது. சிவந்த கண்ணோடு வெளியே வந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சரின் கன்னம் நனைந்திருந்தது.

"முதல்ல முகத்தைத் தொடைங்க டீச்சர். ஆடப் போறேன்."

அவள் மேடைப் பக்கம் நடக்க, மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். மிஞ்சியது அவனும் அவளும்தான். எவ்வளவு தேடியும் அவளுக்குக் கோபம் கிடைக்கவில்லை.

"திட்டணும்னுதான் நினைக்கிறேன்... வர மாட்டேங்குது."

"பரவால்லைங்க, மெதுவா திட்டுங்க. காத்திருக்கேன்."

சிரிப்பு வந்தது. கூடவே மறுபடி அழுகையும் வந்தது.

"இந்த உடம்புக்காக ஊரோடெல்லாம் சண்டை போட்டிருக்கேன். ஆனா கண்ணாடி முன்னாடி நின்னா, நானே என்னைப் பாதியாத்தான் பாப்பேன்... நீங்க முழுசாப் பாத்திருக்கீங்க." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முடிஞ்சதும் போயிடாதீங்க. படத்துல நீங்க என்னைப் பாத்தாச்சு... நான் இன்னும் உங்களைப் பாக்கவே ஆரம்பிக்கல."