மணத்துணி

நான்காம் கூண்டின் ஆண் பாம்பு அன்று மதியம் மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் அதன் தலையும் இடப்பக்கம் நகர்ந்தது. நின்றால் அதுவும் நின்று, கண்ணாடியின் காற்றுத்துளையில் மூக்கை அழுத்தி, நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. ஐந்தாம் கூண்டிலும் அப்படியே. ஆறிலும் அப்படியே. ஒரு மாதமாக யாரும் சட்டை செய்யாத மனிதருக்கு அது பெருமையாகப் போய்விட்டது. இங்கே பெரிய ஆள் யாரென்று பாம்புக்குக்கூடத் தெரிகிறது, அந்தப் பொம்பளைக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பொம்பளை என்று அவர் நினைத்தது பாம்பக்காவை. பூங்காவின் பாம்பு வீட்டை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவள். மேலாளரோ டிக்கெட் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம். பாம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் செல்போனில் பார்த்த நாலு வீடியோ. ஆனால் வாய் மட்டும் காது வரை.

பெரியவள், அதாவது குளத்து அறையில் கிடக்கும் பதினெட்டு அடிப் பெண் அனகோண்டா, தோல் உரித்து நாலு நாளாகிறது, இப்போதுதான் அவள் உடம்பில் வாடை ஏறியிருக்கிறது, ஆண்களை ஒவ்வொன்றாகத்தான் விட வேண்டும், வெளிக்கதவில் ஒரு ஆள் நிற்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று பாம்பக்கா சொல்லச் சொல்ல அவர் கொட்டாவி விட்டார். பாம்புக்குக் கல்யாணம் பண்ணிவைக்க இத்தனை சாங்கியமா என்று கேட்டார். பூங்காவுக்கு அன்று விடுமுறை என்று சொல்லி அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் இயக்குநர் வருவதற்குள் ஒற்றை ஆளாக ஜோடி சேர்த்துக் காட்டிவிட்டால், அவளை வேலையை விட்டே கிளப்பிவிடலாம் என்பது அவர் திட்டம்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவள் அறையை நோட்டம் விட்டிருந்தார். அலமாரியில் ஒரு தகர டப்பா, மூடிமேல் அவள் கையெழுத்தில் ‘மணத்துணி. தொடாதீர்கள்.’ பெரிய மகாராணி, வாசனைத் துண்டை ஒளித்து வைத்துக்கொண்டு நம்மைத் தொடாதே என்கிறாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே ஈரமான வெள்ளைத் துணி ஒன்று மடித்து இருந்தது. சேற்றுக் குளமும் துருப்பிடித்த இரும்பும் லேசான தித்திப்புமாக ஒரு வாடை. ரசனையைப் பாரேன் என்று மூக்கைச் சுளித்தபடியே, வீம்புக்காக, முகம் கழுத்து அக்குள் என்று வியர்வையை நன்றாகத் துடைத்துவிட்டுத் துணியைச் சுருட்டி எறிந்தார்.

கூண்டுகளுக்குப் பின்னால் ஆள் ஒருவர் மட்டும் நடக்கிற மாதிரி ஒரு சந்து. ஒவ்வொரு கூண்டுக்கும் அதில் ஒரு சிறு கதவு; வலக்கோடியில் பெரியவளின் குளத்து அறைக்கு ஒரு கதவு; இடக்கோடியில் வெளிக்கதவு. பாம்பு உந்தித் திறந்துவிடக் கூடாதென்று வெளிக்கதவுக்கு உட்புறம் பிடியே வைக்கவில்லை. மேலாளர் அதற்கும் புத்திசாலித்தனமாக ஒரு வழி செய்தார். கதவு மூடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் வாளியை இடுக்கில் வைத்துவிட்டு, குளத்து அறைக் கதவைத் தூக்கினார். பிறகு ஆண்கள் இருந்த ஆறு கூண்டுகளின் சிறு கதவுகளையும் வரிசையாகத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்து, சந்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம், கூரை விளக்கின் ரீங்காரம், சிமெண்டில் காலங்காலமாக ஊறிப்போன மீன் கவிச்சி, அதற்கெல்லாம் அடியில், யாரோ ஈரச் சாக்கைத் தரையில் மெல்ல இழுத்துப் போவது போல ஓர் உரசல், பிறகு இன்னொன்று, பிறகு எது எங்கிருந்து வருகிறதென்று பிரித்துச் சொல்ல முடியாதபடி நாலு பக்கமும் அதே உரசல். தலைகள் வெளியே வந்தன. வலப்பக்கம் குளம், போங்கள் என்று அவர் கையைக் காட்டினார்.

ஒன்றும் வலப்பக்கம் போகவில்லை.

ஆறும் அவரை நோக்கி வந்தன. வேகமில்லை, சீறலில்லை. அவர் இடக்கோடிக்குப் பின்வாங்கினார். ஒரு பாம்பு அவருக்கு முன்பே சுவரோரமாக அங்கே போய், வாளியின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. வாளி சாய்ந்தது. கதவு மூடிக்கொண்டது.

அவருக்குப் பயம் வந்தது. நிஜமான பயம். கதவை அறைந்தார். விடுமுறை நாளில் யார் வந்து திறப்பது?

கணுக்காலில் ஒன்று. முழங்காலில் ஒன்று. கனம் தாங்காமல் உட்கார்ந்தார். இடுப்பில் இரண்டு. பாம்பக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

“சார், அந்தத் தகர டப்பாவத் தொட்டீங்களா?”

“வாசனைத் துண்டுதானே அது...”

“மணம்னா கல்யாண மணம், சார். பெரியவ மேல தேச்சு எடுத்த துணி. அந்த வாடைய வெச்சுத்தான் ஆம்பளைங்கள ஒரு கூண்டுல இருந்து இன்னொண்ணுக்கு வரவெப்போம்.”

“கடிக்குமா?”

“கடிக்காது. உங்களப் பொண்ணுன்னு நெனச்சுச் சுத்திக்கும். நான் வர ஒரு மணி நேரம் ஆகும், அசையாம இருங்க.”

“அதுக்குள்ள தானா விட்டுடுமா?”

“விடாது சார். ஒரு தடவ சுத்துனா மூணு வாரம், நாலு வாரம்கூடக் கெடக்கும்.”

நெஞ்சில் ஒன்று. கழுத்தில் ஒன்று. குளிர்ந்த வயிறுகள் அவர் தோலை மெதுவாக, பொறுமையாக, அங்குலம் அங்குலமாகத் தடவித் தேடின. வேறெந்த வெறியும் அவற்றுக்கு இல்லை. ஒன்றையொன்று தள்ளின. வால்நுனிகள் தொடையிடுக்கில் நுழைந்தன. அவர் அழுதார்.

“சார், பெரியவ கதவு மூடித்தானே இருக்கு? சொல்லுங்க சார். கூடுற சமயத்துல ஆம்பளைல ஒண்ண அவ தின்னுடுவா...”

போன் நழுவி விழுந்தது.

வலக்கோடியில் தண்ணீர் சலசலத்தது. சந்தின் அகலம் முழுக்க ஒரு கருமை நிறைந்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. சிமெண்டில் ஈரம் முன்னால் ஓடிவந்து அவர் பாதத்தைத் தொட்டது.

பெரியவள் அவசரப்படவில்லை. முடிச்சின் மேல் தலையை வைத்தாள். ஆறு தலைகளையும் ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுப் பார்த்தாள். ஏழாவது தலைக்கு வந்ததும், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.