முதலாளியின் வாய்

இந்த இனத்தில் பெண் மீனுக்குத்தான் தொண்டை வீங்கும். இட்ட முட்டைகளை வாயிலேயே அடக்கிக்கொண்டு, குஞ்சுகள் நீந்தும்வரை அது பட்டினி கிடக்கும். ஆனால் டெல்சி திருப்பிக் கொண்டுவந்த வாளியில் தொண்டை புடைத்துக் கிடந்தது ஆண் மீன். எடில்பெர்த்தோ வளர்க்கும் ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்களிலேயே பெரிது. கருநீலம். கூட இருப்பவற்றை வாழவிடாத முரடு என்பதால் அதற்கு ‘முதலாளி’ என்று பெயர் வைத்திருந்தான்.

போகிற வீட்டிலிருந்தெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. அவனுக்கு அலுத்துவிட்டது.

“ஒரு வாரம்கூட வச்சுக்க முடியலையா? கடிச்சிருச்சா?”

“கடிச்சிருந்தா பரவால்லண்ணே. என் தொட்டில ஒரு மீன் இல்ல. செதில்கூட மிதக்கல.” பக்கத்துத் தெருவில் முடிதிருத்தும் டெல்சி பெரிய வாயாடி, இன்று வாசற்படியே ஏறவில்லை. “கிளியையும் காணோம்.”

“பூனை தூக்கியிருக்கும்.”

“தொட்டி வெளிம்புல நகக் கீறலா இருக்கு. கிளி அதுவாத்தான் தண்ணிக்குள்ள எறங்கிப் போயிருக்கு.”

மழைக்கு முன் வீடு சேர வேண்டும் என்று அவள் ஓடிவிட்டாள்.

“மறுபடியும் அந்தச் சனியனா?” சமையலறையிலிருந்து மனைவி நூபியா கத்தினாள். “இந்த வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். கொண்டுபோய் ஆத்துல விடேன்யா!”

“மக்தலேனாவுல விட்டா ஆத்து மீனையெல்லாம் அழிச்சிரும்டி. யாராவது வாங்கிக்குவாங்க, பொறு.”

யார்? யோசித்தபடியே அதைத் தொட்டியில் விட்டான். பாரன்கியா நகரில் மழை இறங்கினால் தெரு ஆறாகிவிடும். பிறகு யாரும் வெளியே போக முடியாது. சற்று நேரத்தில் வெள்ளம் கதவுக்கு வெளியே குப்பைத்தொட்டிகளை உருட்டிக்கொண்டு இரைந்தது, மின்சாரம் போனது, காற்றுக்குழாயின் குமிழிச் சத்தமும் நின்றது. பிற்பகலே மங்கி, கூடம் முழுக்கப் பாசியும் ஈர மணலும் கலந்த வாடை கனத்தது. அந்த அமைதிக்குள் ஏதோ நறநறவென்று அரைபட்டது. முதலாளியின் தொண்டைக்குள் இருக்கும் பற்களின் சத்தம். அது அவனுக்குப் பழகியதுதான். இவ்வளவு உரக்க மட்டும் கேட்டதில்லை.

கைவிளக்கை அடித்தான்.

துரத்தல் இல்லை. கடி இல்லை. மீன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றன. எதிரே முதலாளி. ஆபத்து வந்தால் குஞ்சுகளுக்குத் தாய் திறப்பதைப் போல அது வாயைத் திறந்தது.

முதல் மீன் உள்ளே போனது. முதலாளியின் பாதி அளவு இருக்கும் அது. இடமே இல்லை. ஆனாலும் போனது.

அடுத்தது. அதற்கடுத்தது.

“நூபியா…”

சமையலறையில் அடுப்பில் ஏதோ கருகும் வாடை. ஈரத் தரையில் வெறுங்காலின் சத்தம். நிதானமாக. அவனைத் தாண்டி.

“நூபியா! ஏய்!”

தோளைப் பிடித்து இழுத்தான். சுவரைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. அவள் திரும்பவில்லை. தொட்டியின் மூடியை எடுத்துத் தரையில் வைத்தாள், கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள், குனிந்தாள்.

தண்ணீருக்குள், கடைசி மீனுக்குப் பின்னால், அவள் முகம் கண் திறந்தபடி காத்திருந்தது.