நாலு நிமிடம் இருபது விநாடி

"அந்த மனுசன் தேத்தண்ணியோட உள்ளுக்க வந்தால் என்ர ஸ்கிரீன் எல்லாம் கறுக்குது அக்கா!" நிரஞ்சினி ஒரு கடிதத்தைச் சிவனேஸ்வரியின் மேசையில் அடித்து வைத்தாள்.

வெளிநாட்டு ஊரான கிளேட்டனில் கணினி வலையமைப்புகளின் கோளாறு பிடிப்பது சிவனேஸ்வரியின் தொழில். நிரஞ்சினி பல்கலைக்கழக ஆய்வு மாணவி. ஒரு படத்தை ஒரே முறை அனுப்பினால், கேட்ட கணினிகளுக்கெல்லாம் சுவிட்ச் என்ற இணைப்புப் பெட்டி பிரித்துக் கொடுக்கும் மல்டிகாஸ்ட் முறையை வடிவமைக்கிறாள். இரண்டு கிழமையாக அது ஓடுவதும் நிற்பதுமாக அவள் உயிரை வாங்கியது.

கடிதம் ஆய்வுகூட உதவியாளர் கணேசலிங்கத்தைப் பற்றிய முறைப்பாடு. 2012இல் அகதியாகப் படகில் வந்து, இன்னும் தற்காலிக விசாவிலேயே இருக்கும் மனிதர். இந்தக் கடிதம் போனால் அவருடைய வேலையும் போகும்.

"அனுப்பிப்போட்டீரா?"

"பன்னிரண்டு மணிக்கு அனுப்பப் போறன்."

ஆய்வுகூடத்துக்குப் போனார்கள். அங்கே சுவரில், வலையமைப்பின் போக்குவரத்தைக் காட்டும் இரண்டு வரைபடங்கள் தொங்கின. பழையதில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கோடு முள்போல் எழும்பியிருந்தது. இரண்டு கிழமைக்கு முந்திய திகதியிட்ட புதியதில் கோடு வழுவழுவென்று இருந்தது. சிவனேஸ்வரி இரண்டையும் பார்த்துவிட்டு, "ஓட்டும்" என்றாள்.

நான்கு திரைகளிலும் படம் வந்தது. கணேசலிங்கம் தேநீர் போடப் போனார். கோப்பைகளோடு திரும்பினார். திரைகள் கறுத்தன.

"இவர்தான்!" சிவனேஸ்வரியின் உதவியாளன் ரிஷாத் துள்ளி எழுந்தான். அவனுக்கு எப்போதும் அவசரம்தான்.

"இரும். இன்னொருக்கா ஓட்டும். அண்ணை இந்தக் கதிரையில இருக்கட்டும்."

கணேசலிங்கம் கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். நாலு நிமிடம் இருபது விநாடியில் திரைகள் மறுபடி கறுத்தன. ரிஷாத் ஒரு கணினியில் படத்தை மூடித் திறந்தான். அந்தத் திரை மட்டும் உயிர்த்தது.

"வயரிலயும் பிழையில்லை, அனுப்புற மெசினிலயும் பிழையில்லை," என்றாள் சிவனேஸ்வரி. "ஒருத்தருக்கும் இனி வேண்டாம் எண்டு சுவிட்ச் முடிவெடுக்குது. ரவுட்டர் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா 'இன்னும் வேணுமோ?' எண்டு கேக்கும். கணினி 'ஓம்' எண்டால் சுவிட்ச் குடுத்துக்கொண்டிருக்கும். கேள்வி வராட்டில் கணினி வாய் திறக்காது. நாலு நிமிசம் இருபது செக்கன் பாத்துப்போட்டுச் சுவிட்ச் நிப்பாட்டிப்போடும். அண்ணை தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரவும் அவ்வளவு நேரம்தான். பழைய கிராஃபில இருந்த முள்ளு அந்தக் கேள்விதான். அதை நிப்பாட்டினது ஆர்?"

நிரஞ்சினியின் முகம் வெளிறியது. "கிராஃப் முள்ளில்லாமல் வடிவா வரட்டும் எண்டு... நான்தான்."

"வடிவு! அதுக்காக ஒரு மனுசன்ர சோத்தில மண்ணைப் போடப் பாத்தீர்."

ரவுட்டரின் கேள்வியை மறுபடி இயக்கினார்கள். பத்து நிமிடமாகியும் படம் நிற்கவில்லை. நிரஞ்சினி கடிதத்தைக் கிழித்தாள். வெட்கத்தில் அவளால் கணேசலிங்கத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் ஆறிப்போன கோப்பையை எடுத்தார். "தங்கச்சி, ரெண்டு கிழமையா வேணும் எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. நான் கொண்டு வந்துகொண்டுதான் இருந்தனான். இன்னும் வேணுமோ?"

"ஓம் அண்ணை," என்றாள் அவள், அழுதுகொண்டே.