நாலு புள்ளிக்காரி

புதுப்பாளையில் பொழுது விடிந்தால் ஜனங்களுக்கு முதல் வேலை, தாங்கள் திருடுவோமா மாட்டோமா என்று தெரிந்துகொள்ளப் போய் வரிசையில் நிற்பதுதான். செவ்வாய்க் கிரகத்தில், ஒரு பெரிய கண்ணாடிக் குமிழிக்குள் இருபதாயிரம் பேர் வாழும் ஊர் அது. காலை ஆறு மணிக்கே குற்றமானி அலுவலகத்து வாசலில் கூட்டம் நெருக்கியடிக்கும். உள்ளே போனதும் தலையில் ஒரு வளையத்தை மாட்டுவார்கள். அது மூளையின் மின்னோட்டத்தைப் படித்து, இந்த ஆள் ஒரு வருஷத்துக்குள் சிறைக்குப் போக நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எண் சொல்லும். அறுபதைத் தாண்டினவர்கள் வாயெல்லாம் பல்லாக வெளியே வருவார்கள். மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

என்ன, எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். ஒருவனைப் பிடித்து, விசாரித்து, அடைத்துவைத்துச் சோறு போடுகிற செலவில் மூன்று பேருக்கு வேலை கொடுக்கலாம் என்று நகரசபை கண்டுபிடித்தது. திருடப் போகிறவனுக்கு முன்கூட்டியே வேலை கொடுத்துவிட்டால் அவன் ஏன் திருடுகிறான்? இதற்கு முன்தடுப்பு வேலை என்று பெயர். குற்றம் குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் நல்லவனுக்கு வேலை கொடுக்கிற அவசரம் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

செண்பகவடிவு நல்லவள். அதுதான் அவளுக்கு வந்த வினை. குமிழியின் மூட்டுகளைப் பற்றவைக்கிற வேலையில் பதினோரு வருஷம் இருந்தாள். அதே வேலையைப் பல்லி மாதிரி கண்ணாடியில் ஊர்ந்து செய்கிற இயந்திரங்கள் வந்ததும், போய் வா என்று அனுப்பிவிட்டார்கள். அவளுடைய எண் நாலு. நூற்றுக்கு வெறும் நாலு!

வேலையில்லாதவர்களுக்கு அங்கே நூறு நாள் கெடு. செவ்வாயில் மூச்சுக்காற்று சும்மாவா வருகிறது? நூறாவது நாள் உறக்கப் பேழையில் படுக்கவைத்துவிடுவார்கள். வலி கிடையாது, வயதும் ஏறாது. எங்காவது ஒரு வேலை காலியானால் எழுப்புவார்கள். அதற்குப் பத்து வருஷமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். புருஷன் போய்ச் சேர்ந்த வடிவுக்கு ஏழு வயதில் தாமிரா என்று ஒரே மகள். இவள் தூங்கி விழிப்பதற்குள் அந்தப் பிள்ளை விடுதியில் வளர்ந்து பெரிய மனுஷியாகி, எதிரே வந்து நின்று, "நீங்க யாரு?" என்று கேட்கும். "படுக்க மாட்டேன். என்ன ஆனாலும் சரி, அந்தப் பெட்டிக்குள்ள நான் படுக்க மாட்டேன்," என்று வடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எண் ஏற்றித் தருகிற பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. வடிவு சேர்ந்த இடத்தில் மாசானம் என்பவர் வாத்தியார். அந்தக் காலத்து ஜேப்படிக்காரர், தொழிலில் கை சுத்தம். முதல் வீட்டுப்பாடமாகப் பக்கத்து வீட்டுச் செருப்பைத் திருடிவரச் சொன்னார். வடிவு திருடினாள். வார் அறுந்திருந்ததைப் பார்த்தாள். மனசு கேட்குமா? தைத்து, துடைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அடுத்து, ரேஷன் கடையில் கூட்டத்தோடு கூட்டமாக இடித்துக்கொண்டு நின்று ஒரு பொட்டலத்தை அமுக்கச் சொன்னார். அவள் போய்க் கூட்டத்தை ஒழுங்காக வரிசையில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

மாசானம் தலையில் அடித்துக்கொண்டார். "ஏ தாயி, இருபது வருஷமா பாடம் நடத்துதேன். ஒன்னைய மாதிரி ஒரு மக்கு வந்து வாய்ச்சதில்ல. கைய நீட்டுனா மட்டும் போதுமா? ஆசை உள்ள இருந்து வரணும்லா!"

தொண்ணூற்றைந்தாம் நாளும் நாலுதான். குற்றமானியை இயக்குகிற அளவர் அருளப்பன் வளையத்தைக் கழற்றாமலே குரலைத் தாழ்த்தினார். "நம்மள மாதிரி ஆளு நெனச்சா எண்ணை ஏத்திவிடலாம்மா. வெறுங்கையோட வந்தா எப்படி?"

மறுநாளே வடிவு, தன் கல்யாணத்துக்குப் பூமியிலிருந்து வந்த நிஜக் காப்பிப்பொடியைக் கொண்டுவந்தாள். பிரிக்காமல் வைத்திருந்த கால் கிலோ. வளையம் தலையில் இருக்கும்போதே வேண்டுமென்றே அதை அவர் கையில் கொடுத்தாள். அளவர் ஏற்றாவிட்டாலும், லஞ்சம் கொடுப்பது குற்றம்தானே, அதிலாவது எண் ஏறாதா என்று அவளுக்கு ஒரு கணக்கு. குற்றமானி ஒரு நிமிஷம் யோசித்தது. எண் நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. காரணச் சீட்டில், 'ஊரோடு ஒத்துப்போகிறவர்' என்று அச்சாகியிருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் நாள். வளையத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அருளப்பன் கொட்டாவி விட்டார். "மேல உள்ளவங்களுக்கும் குடுக்கணும்லாம்மா. இன்னொரு கால் கிலோ பாரேன்."

"நாளைக்கு எனக்குக் கெடு முடியுது சார்."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? பொடி நல்லாருந்துச்சு. எங்க வீட்டம்மா ரொம்பப் பாராட்டுனா."

வடிவுக்குச் சுரீரென்றது. ஏழு வயதுப் பிள்ளை அநாதையாக நிற்கப்போகிறது, இந்த ஆள் காப்பி ருசியைச் சொல்கிறார்! மூன்று மாதமாகக் கற்றும் திருட வராத தன்னிடமே கடைசியில் திருடிவிட்டார்களே என்று ஆத்திரம் பொங்கியது. எழுந்து நின்றாள். வளையம் தலையிலேயே இருந்தது.

"சார், நான் பேழையில படுக்கதுக்கு முன்னாடி ஒரு காரியம் செஞ்சுட்டுத்தான் படுப்பேன். நகரசபைக்குப் புகார் எழுதப் போறேன். நீங்க கேட்டதும் இருக்கும், நான் குடுத்ததும் இருக்கும். ஒங்க பேரு, என் பேரு, தேதி எல்லாம் எழுதி, கையெழுத்தும் போடுவேன்."

"ஏம்மா, வெளையாடுதியா?"

"வெளையாட எனக்கு நேரமில்ல சார். இன்னிக்கே எழுதுதேன். எவன் வந்து தடுத்தாலும் எழுதுவேன்."

குற்றமானி முனகத் தொடங்கியது. மூன்று, பத்தொன்பது, நாற்பத்தாறு என்று எண் ஏறியது. அருளப்பன் பதறிப்போய் அதன் முதுகில் தட்டினார். எழுபத்தொன்று. தொண்ணூற்று மூன்றில் வந்து நின்று மணியடித்தது. அந்த அலுவலகம் இதுவரை கண்டிராத எண் அது! காரணச் சீட்டு வெளியே வந்தது. 'முன்னோர் பூமியிலிருந்து கொண்டுவந்த வழக்குப் பதிவுகளைப் படித்ததில், லஞ்சம் கொடுத்தவரும் வாங்கியவரும் சிறைக்குப் போவது அபூர்வம். புகார் கொடுத்தவர் ஏதாவது ஒரு வழக்கில் உள்ளே போகாமல் இருந்ததில்லை. இவர் மிக ஆபத்தானவர். உடனே வேலை தருக.'

வேலை உத்தரவும் தானாகவே அச்சாகி விழுந்தது. அருளப்பன் அதை எடுத்து அவளிடம் நீட்டினார். "அதான் வேலை கெடைச்சிட்டுல்லா தாயி. இனி அந்தப் புகாரு..."

"அது உண்டு சார்," என்றாள் வடிவு.

வெளியே வந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தாமிராவைக் கூப்பிட்டு வரலாம். நாளைக்கும், மறுநாளும், எல்லா நாளும் கூப்பிட்டு வரலாம். மணிச்சத்தம் கேட்ட வரிசைக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "எத்தனைம்மா? தொண்ணூத்து மூணா! எந்தப் பயிற்சி நிலையம்?"

வடிவு ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள். "புகார் குடுக்கணும்னு மனசார முடிவு பண்ணுங்க, அது போதும். எல்லாருக்கும் வேலை உண்டு," என்றாள்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பத்து நாள் கெடு பாக்கியிருந்த ஒரு பெரியவர், அளவருக்கென்று கொண்டுவந்த பொட்டலத்தை மடியில் பத்திரமாக இறுக்கிக்கொண்டு சொன்னார்: "திருடன்னு பேரு வாங்கிட்டுக்கூட இந்த ஊர்ல இருந்துரலாம் தாயி. புகார் குடுக்கிற ஆளுன்னு பேரு வந்தா, நாளைக்கு எம் மகளை எவன் கட்டுவான்?"

சொல்லிவிட்டு, அடுத்த ஆளாக உள்ளே போனார்.