மூன்றாவது கண்ணாடித் தட்டு

மதுரங்குளிச் சந்தியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. 1934, கார்த்திகை. கொழும்பு பஸ்ஸில் ஏறிய எமிலியா, குடையை மடக்கியபடி, பார்க்காமல் உட்கார்ந்தாள்.

கீழே ‘கரக்’ என்றது.

“ஐயோ... எழும்புங்க!” மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து இளைஞன் அலறினான்.

“என்ன... முட்டையா?”

“கோள்! செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில சுத்துற சின்னக் கோள். அதின்ட படம் இந்தக் கண்ணாடித் தட்டில...”

“சுத்துற சாமானை ஏன் சீற்றில வைச்சீங்க?”

அவன் நிக்கொலஸ், தலவிலப் பள்ளிக்கூட வாத்தியார். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை விட்டுப்போன தொலைநோக்கியால் அதைப் பிடித்திருந்தான். மூன்று இரவுகளில் அது நின்ற இடம் தெரிந்தால்தான் பாதையைக் கணக்கிடலாம். இரண்டு கையில் இருந்தன. மூன்றாவதில் எமிலியா உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் விளங்கியதும் அவள் கண்கள் நிறைந்தன... கடல்மேல் மழை இறங்கும்போது வருகிற சாம்பல் நிறம். வானத்தையே பார்த்துப் பழகியவன் முதல் தடவையாகக் கீழே பார்த்தான்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் தலவிலக் கோயிலில் பூசை முடிந்ததும் அவனிடம் வந்து கேட்பாள்.

“வானம் தெளிஞ்சதா, மாஸ்டர்?”

“இன்னும் இல்ல.”

இருவருக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மார்கழியில் ஒருநாள், துரோகம் செய்வதுபோல, வானம் தெளிந்தது. மூன்றாவது இடமும் கிடைத்தது.

நிக்கொலஸ் பெண் கேட்டுப் போனான். எமிலியாவின் தகப்பன் மரியநாயகம் முந்நூறு ஏக்கர் தென்னைக்குச் சொந்தக்காரர். கோயில் மணியிலும் மாட்டு வண்டியிலும் அவர் பெயர் ஏற்கெனவே இருந்தது. மிச்சம் ஆகாயம்தான்.

“என்ட பேர் மேல ஏறட்டும், தம்பி. மகளைத் தாறன்.”

“சின்னக் கோள்களுக்குப் பொம்பிளைப் பேர்தான் வைக்கிற வழக்கம், ஐயா. எமிலியா எண்டு வைச்சா...”

“விசரா? அவளைக் கட்டின பிறகு அது உன்ட சொத்தாப் போயிடும். மரியநாயகி எண்டு எழுது!”

நிக்கொலஸ் வெளிநாட்டு வானாய்வுக்கூடத்துக்குக் கடிதம் போட்டான். பதில் வருமுன்பே தோட்டத்து வாசலில் சீமெந்துக் கோள் ஒன்று எழும்பியது. பூசணிக்காய் அளவு. பெயர் அதைவிடப் பெரிது.

அடுத்த ஐப்பசியில் பதில் வந்தது. இரண்டு கிழமை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆகாயத்தில் பெயர்ப்பலகையா இருக்கிறது...

ஞாயிறு. கோயிலுக்குப் பின்னால் கடல் கறுத்துக் கிடந்தது.

“எமிலியா... அது புதுக் கோள் இல்லையாம். இருபது வருஷத்துக்கு முந்தியே ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டார்.”

“பேர்?”

“செத்துப்போன தன்ட மனிசியின்ட பேரை வைச்சிருக்கிறார்.”

அவள் தோட்டம் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பாட்ட சொன்னீங்களா?”

“இல்ல. சொன்னா உங்களைத் தரமாட்டார். மறைச்சா... கலியாணம் நடக்கும்.”

“பிறகு ஏன் எனக்குச் சொன்னீங்க?”

“உங்களோட பொய்யில வாழ ஏலாது... இன்னொண்டும் இருக்கு. நான் எழுதி அனுப்பின பேர் மரியநாயகி இல்ல.”

பதிலோடு திரும்பி வந்திருந்த தன் கடிதத்தை நீட்டினான். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம்தான் வரும். அந்த ஒரு சொல்லுக்கு அது போதும். எமிலியா. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

மழை தொடங்கியது. அவள் கடிதத்தை மடித்து, நனையாமல் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

“அது திரும்பக் கிட்ட வர எவ்வளவு காலம்?”

“பதினாறு மாசத்துக்கு ஒருக்கா வரும்.”

“அப்பாட கோவம் அதைவிட நீளம்... போய் உண்மையைச் சொல்லுங்க, மாஸ்டர். துரத்துவார். துரத்தட்டும்.”

“நீங்க?”

குடையை விரித்து அவன் பக்கம் சரித்தாள். அந்தச் சாம்பல் கண்கள் இந்தத் தடவை நிறையவில்லை.

“நான் ஞாயிறு வருவன்... வானம் தெளிஞ்சாலும் வருவன்.”