அத்தை போய்ச் சேரும் வரை

ஈஸ்வரியின் அத்தை அமுதவல்லி, செவிலியர் வேலைக்காக அன்று காலை சென்னையிலிருந்து தோஹாவுக்கு விமானம் ஏறினார். ஜவ்வாது மலையில் அவர்களுடைய சிற்றூரிலிருந்து விமானத்தில் செல்லும் முதல் ஆள் அவரே.

ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேரும் வரை வீட்டைப் பெருக்குவதில்லை என்பது அவ்வீட்டின் வழக்கம். அத்தை மலையிறங்கியது முந்தைய நாள். அப்போதே அப்பா தமிழ்மணி துடைப்பத்தை எங்கோ ஒளித்து வைத்துவிட்டார். தரையெங்கும் சாமை உமி படிந்திருந்தது. தம்பி பார்த்திபன் அதில் விரலால் விமானம் வரைந்துகொண்டிருந்தான். அம்மா முணுமுணுத்தபடியே கால் தூக்கி நடந்தார்.

பயணச்சீட்டின் படம் அப்பாவின் போனில் இருந்தது. பத்து மணிக்குப் புறப்பாடு, பன்னிரண்டு மணிக்குச் சேர்தல்.

"ரெண்டு மணி நேரந்தான். நம்ம பஸ்சு திருவண்ணாமலைக்குப் போறதுக்குள்ள அவ போய்ருவா" என்று காலையில் பெருமையாகச் சொன்னார்.

பன்னிரண்டு ஆயிற்று. சிக்னல் கிடைக்கும் பாறையின் மேல் அப்பா போனுடன் காத்து நின்றார். அழைப்பு வரவில்லை. ஒரு மணியும் ஆயிற்று. அம்மா எத்தனை முறை கூப்பிட்டும் அவர் சாப்பிட இறங்கவில்லை. ஆகவே, ஈஸ்வரி களியும் குழம்பும் எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினாள்.

அப்பா களியைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சோ தெரியலியே, கண்ணு. அவ தயங்கினா. நாந்தான் போயே ஆவணும்னு சொன்னேன்."

ஈஸ்வரிக்கும் பயமாக இருந்தது. ஆயினும் அவள் யோசித்தாள். தோஹா மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதாகவும், விமானம் மணிக்கு ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர் பறக்கும் என்றும் பள்ளியில் மஞ்சுளா ஆசிரியர் கூறியிருந்தார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்குப் போட்டாள்.

"ரெண்டு மணி நேரத்துல அவ்ளோ தூரம் போக முடியாதுப்பா. நாலு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

"அப்ப சீட்டுல தப்பாவா போட்டாங்க?"

அத்தை நேற்றுத் தலை பின்னிவிடும்போது சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. நீ காலையில் எழும்போது எனக்கு அங்கே விடிந்தே இருக்காது என்று அத்தை சிரித்திருந்தார்.

"தப்பு இல்லப்பா. சூரியன் நம்ம மலைக்கு வந்துட்டுத்தான் அங்க போவுது. சீட்டுல இருக்கிற பன்னெண்டு அந்த ஊரு பன்னெண்டு. அத்த இன்னும் பறந்துனுதான் இருக்காங்க."

அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப சாப்பிடலாம்ன்றியா?"

"சாப்பிடுங்க. அத்தைக்கும் இந்நேரம் விமானத்துல சோறு குடுத்திருப்பாங்க."

களி தீர்ந்து, நிழல் சற்று நீண்ட பிறகு போன் ஒலித்தது.

"அண்ணா, நல்லபடியா வந்துட்டேன். அண்ணிகிட்ட வூட்டப் பெருக்கச் சொல்லு, பாவம்."

அப்பா போனை ஈஸ்வரியிடம் கொடுத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் புளி மூட்டைக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்தார். அம்மா கையை நீட்டினார். அப்பா கொடுக்கவில்லை, தாமே குனிந்து பெருக்கத் தொடங்கினார்.

பார்த்திபன் உமியில் வரைந்திருந்த விமானத்தை மட்டும், ஓரம்கூடக் கலையாமல் சுற்றிப் பெருக்கிவிட்டு, அப்படியே விட்டுவைத்தார்.