கொழுந்தன் கொண்டுவந்த குடுமி

என் கொழுந்தன் சங்முக் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கறுப்புப் போலீஸ் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு துணி முடிச்சை என்னிடம் நீட்டினான்.

"அண்ணனோட குடுமி, அண்ணி. தேடி எடுத்துட்டு வந்துட்டேன்."

அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளறையில், தட்டி மறைப்புக்குப் பின்னால், என் கணவர் முன்சோப்பின் உடல் சவப்பெட்டியில் கிடந்தது.

ஆண்கள் எல்லாரும் குடுமியை வெட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த குளிர்காலம் அது. ஜப்பான்காரன் துப்பாக்கியோடு நிற்க, ராஜாவே தலையைக் கத்தரிக்குக் கொடுத்துவிட்டாராம். மேல்நாட்டு நாகரிகம் முடியில்தான் இருக்கிறதென்று எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ! "நான் இருக்கறப்ப உன்னை எவன் தொடுவான்? தைரியமா வாண்ணே" என்று இவரைச் சியோலுக்கு அழைத்துப் போனவன் சங்முக்தான். கோட்டை வாசலில் கத்தரி வந்ததும் தோளை அமுக்கிப் பிடித்தவனும் அவன்தான். போலீஸ்காரர்கள் முதலில் சொந்த வீட்டார் குடுமியை வெட்டிக் காட்ட வேண்டுமாம். பெற்றவர்கள் தந்த முடியை இழந்து வீடு திரும்பியவர், அப்புறம் சோற்றைத் தொடவே இல்லை.

எங்கள் பக்கம் சீப்பில் வரும் முடியைக்கூடப் பையில் சேர்த்து, செத்தவரோடு பெட்டிக்குள் வைப்போம். உடம்பு முழுசாகச் சேராவிட்டால் உயிருக்குத் தன் வீடு தெரியாது. அதற்காகத்தான் இந்தத் துரோகியிடம் கெஞ்சி ஆள் அனுப்பியிருந்தேன்.

துணியைப் பிரித்துப் பார்க்க மனசு வரவில்லை. அப்படியே பையில் போட்டு அவர் தலைமாட்டில் வைத்தேன். சங்முக் மூடியைச் சாத்தினான். சோறும் முள்ளங்கிச் சாறும் படைத்தேன்.

"என்னங்க, முடி வந்துடுச்சு. சாப்பிட வாங்க."

அடுப்பில் விறகு வெடித்தது.

பிறகு தட்டிக்குப் பின்னால் ஓர் இருமல்.

சளி கட்டிய, கிழட்டு இருமல்.

என் கணவர் நாற்பதைக்கூடத் தொடவில்லை.

புகையிலை வாடை வந்தது. அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை.

"யாரு வீடும்மா இது?" என்றது குரல். "என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

சங்முக் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"தம்பி, அது யாரு முடி?"

"கோட்டை வாசல்ல முடி குவியலாக் கிடந்துச்சு அண்ணி. அதுல அண்ணனோடதை எங்க தேடறது? கைக்குக் கிடைச்சதை... உங்க மனசு ஆறட்டும்னுதான்..."

"உயிரோட இருந்தவரை ஏமாத்தின. செத்தவரையுமாடா?"

அவன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

கிழவர் இன்னும் போகவில்லை. அந்திக்கு நான் சோறு வைத்தால் கிண்ணத்தில் கரண்டி இடிபடும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கோ அவர் பெண்டாட்டியும் சோறு வைத்துக் காத்திருப்பாள், பாவம்.

நேற்று மனசு கேட்காமல் தட்டிப் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"பெரியவரே, என் வீட்டுக்காரரை எங்கயாவது பார்த்தீங்களா?"

கரண்டிச் சத்தம் நின்றது.

"தினமும் வர்றாரு, தாயி. இதுதான் தன் வீடுன்னு அவருக்குத் தெரியல."

கதவைத் திறந்து ஓடினேன்.

புதுப் பனியில் வெறுங்கால் தடங்கள். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தன. வாசலில் ஒன்றுகூட நிற்கவில்லை.